உருகுவதற்கென்று வைத்த பிளக்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களை எல்லாம் உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லச் சொன்னார் முதலாளியின் மகன். பேசினால் பாதி மறந்துவிடுவேன், எழுதியே தருகிறேன் என்றேன். பேசுவதை நிறுத்த எனக்குத் தெரியாது என்பதும் ஒரு காரணம்.

கவுண்டரில் நின்ற முதல் நாளே உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள். "இத்தனை விலையா? அவ்வளவு பெறுமா இது?" இந்தக் கேள்வி வந்ததும் சிலர் முகம் சுருங்குகிறது, பார்த்தேன். சுருங்கக் கூடாது. கேட்கிறவர் வாங்கப்போகிறவர். கேட்காமல் வாங்கிப்போகிறவர்தான் அதை ஷோகேஸில் வைத்துப் பூட்டுவார். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் விளம்பரத்தாளில் இருக்கிறது என்று நினைத்து அதை ஒப்பிக்காதீர்கள். அரை மணியில் பருப்பு வேகும், விறகு மிச்சம் என்று நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தவள்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் எனக்கு வேலை. பிரஷர் குக்கர் அப்போதுதான் திருச்சிக்கு வந்திருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அது வெடிகுண்டு, மீதிப் பேருக்கு அது பணக்காரர் வீட்டு விளையாட்டுச் சாமான். வீடு வீடாகப் போய், சமைத்துக் காட்டி, பயத்தைப் போக்குவது என் வேலை. பாலக்கரை மேரி என்றால் யாருக்கும் தெரியாது. குக்கர் டீச்சர் என்றால் உறையூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை தெரியும்.

பொன்மலையில் ரயில்வே குடும்பங்களுக்குச் சமைத்துக் காட்டிய ஒரு நாள். பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த ஆண்கள் சைக்கிளைப் பிடித்தபடியே பின்னால் நின்றார்கள். எல்லோரும் விசிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, பாய்லர் ஷாப் ஃபோர்மன் ஒருவர் முன்னால் வந்து மூடியை வாங்கிக் கவிழ்த்தார். வெயிட் பக்கம் அவர் பார்வையே போகவில்லை. மூடியின் ஓரத்தில் திருகாணி மாதிரி ஒன்று இருக்குமே, சேஃப்டி பிளக், அதைக் கட்டைவிரல் நகத்தால் தடவினார்.

"இதை வெச்சவன் பாய்லர் தெரிஞ்சவன்மா," என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"எங்க என்ஜின்லயும் இது இருக்கு. தண்ணி வத்திப்போனா பாய்லர் வெடிக்கறதுக்கு முன்னாடி இந்த ஈயம் உருகிடும். உள்ள இருக்குற ஆவி நெருப்பு மேல பாய்ஞ்சு அணைச்சுடும். டிரைவர் உசிரோட வீட்டுக்குப் போவான். நீங்க இதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே. இதுக்குத்தான்மா விலை. மத்ததெல்லாம் அலுமினியம்."

அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அதுவரை எனக்கும் அது ஏதோ ஒரு திருகாணிதான். அன்றிலிருந்து எந்த வீட்டில் சமைத்துக் காட்டினாலும் அதை முதலில் காட்டினேன். உருகிவிட்டால் பயப்படாதீர்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம், கடைக்கு வாருங்கள், வேறு பிளக் போட்டுத் தருகிறோம் என்பேன்.

இனி ஸ்ரீரங்கம் வேதவல்லியின் கதைக்கு வருகிறேன். எனக்கு இந்தச் சாமான்கள் மேல் ஒரு பக்தியே உண்டானது அந்த வீட்டில்தான்.

வேதவல்லி கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியார் இல்லை. மாமனார், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த கணவர், பள்ளிக்கூடம் போகும் மைத்துனர்கள் என்று எல்லோரும் ஆண்கள். அவளுக்கு டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைத்தது. மாமனார் மறுக்கவில்லை, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வீட்டில் தளிகை ஒரு நாளும் தவறக் கூடாது. தளிகை என்றால் அவர்கள் பேச்சில் சமையல். விடிவதற்கு முன் குளித்து, யாரும் தொடாத மடித்துணி கட்டி, விறகு அடுப்பில் சாதம், பருப்பு, காய் என்று ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிவிட்டுப் பஸ் பிடித்து வகுப்புக்குப் போவாள். பாதி நாள் தாமதம். இப்படியே போனால் பேரை அடித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நிலைமையில்தான் கணவர் அவளைக் கடைக்கு அழைத்து வந்தார். அவளுக்குக் குக்கர் என்றால் படிப்பு, அவ்வளவுதான்.

மாமனார் கோயில் கோஷ்டியில் பாராயணம் செய்கிறவர். ஆசாரம் கடுமை. அந்த வீட்டில் பம்ப் ஸ்டவ் நுழைந்ததில்லை, ஏனென்றால் பம்புக்குள் இருக்கும் வாஷர் தோல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்னதில் தப்பில்லை, அது தோல்தான். குக்கரைக் கொண்டுபோனதும் கூடத்திலிருந்தே கேட்டார்.

"மூடியில ஒரு வளையம் இருக்கே, அது தோலா?"

"ரப்பருங்க. மரத்துலேர்ந்து வடிக்கிற பால்."

வளையத்தை மணையின் மேல் வைக்கச் சொல்லி, எடுத்து, முகர்ந்து பார்த்தார். வெகுநேரம் முகர்ந்தார். "மரம்னா உள்ள வரலாம்," என்றார்.

வளையம் வரலாம், நான் வரக் கூடாது. நான் கிறிஸ்தவப் பெண். சமையலறை வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று வாயால் சொல்வேன், வேதவல்லி உள்ளே செய்வாள். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனால் அந்த வாசற்படி எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தது. மற்ற வீடுகளில் நானே கையை நீட்டி எல்லாவற்றையும் செய்துவிடுவேன், வீட்டுக்காரம்மா வேடிக்கை பார்ப்பார், நான் போனதும் குக்கர் பரணுக்குப் போகும். இங்கே என் கை போகவில்லை, அதனால் எல்லாம் வேதவல்லியின் கைக்கு வந்தது. நீங்களும் காட்டும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அவள் பிறகு ஒரு நாளும் வகுப்புக்குத் தாமதமாகப் போகவில்லை என்று பஸ்ஸில் பார்த்தபோது சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

சில மாதங்கள் போயின. ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்த கையோடு காதர் பாய் வந்தார். தெருத்தெருவாகப் போய்ப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி, ஓட்டைக்குப் பற்று வைக்கிறவர். வேலை சுத்தமாக இருக்கும். எங்கள் கடையில் விற்ற அண்டாக்களையே அவரிடம் அனுப்பியிருக்கிறோம்.

"டீச்சரம்மா, உங்க குக்கர்ல ஒரு மோசடி இருக்கு," என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "மூடியில ஒரு இடத்துல வேணும்னே மட்டமான ஈயத்தை அடைச்சு விட்டிருக்கான். கொஞ்சம் சூடு ஏறினா உருகி ஓட்டை விழுந்துடுது. திரும்பக் கடைக்கு வரட்டும்னு பண்ற வேலை. இவ்வளவு விலையை வாங்கிக்கிட்டு இப்படியா செய்வாங்க? நான் அந்தத் திருகாணியைக் கழட்டி, நல்ல பித்தளையை விட்டு அடைச்சுட்டேன். இனிமே ஆயுசுக்கும் உருகாது. அந்த மாதிரி மூடி வந்தா என்கிட்ட அனுப்புங்க."

"எந்த வீட்டுல பாய்?"

"இப்போதைக்கு ஒரே வீடுதான். ஸ்ரீரங்கத்துல, சித்திரை வீதி. டீச்சருக்குப் படிக்கிற பொண்ணு. பெரியவர் இல்லாத நேரமாப் பார்த்து, யாருக்கும் சொல்லாதீங்கன்னு மூடியைக் கொடுத்துச்சு."

ஏன் யாருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்கு உடனே விளங்கியது. உருகியது தெரிந்தால் குக்கர் பரணுக்குப் போகும், அதன் பின்னாலேயே படிப்பும் போகும். அவளுக்கு நான் சொன்னது மறந்திருக்காது. பயம் அதை முந்திக்கொண்டது. எனக்கு விளங்காதது இன்னொன்று. சும்மா பிளக் உருகாது. ஒரு தடவை உருகிய வீட்டில், என்ன காரணத்தால் உருகியதோ அந்தக் காரணம் இன்னும் அங்கேயே இருக்கும். சனிக்கிழமை வகுப்பு கிடையாது, வேதவல்லி நிதானமாகத்தான் அடுப்பு மூட்டுவாள். இந்நேரம் குக்கர் அடுப்பில் ஏறியிருக்கும்.

புதுப் பிளக் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பாயையும் கூட்டிக்கொண்டு மெயின்கார்டு கேட்டில் டவுன் பஸ் ஏறினேன். காவேரிப் பாலத்தில் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. அந்த மாட்டை நான் திட்டின திட்டுக்கு அடுத்த வாரம் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. பொன்மலை ஃபோர்மன் சொன்னதை வழியில் பாயிடம் சொன்னேன்.

"ஓட்டைன்னா அடைக்கணும்னுதானே எனக்குத் தெரியும்," என்றார். பிறகு உதடு மட்டும் துஆ ஓதுவது மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசல் திறந்திருந்தது. பாய் வாசலில் நின்றுகொண்டார். மாமனார் கூடத்தில் கண்ணை மூடிப் பாராயணத்தில் இருந்தார். நான் ஓரமாக நடந்து சமையலறை வாசற்படிக்குப் போனேன். வேதவல்லி அடுப்புக்குப் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விறகு நன்றாக எரிந்தது. குக்கரில் சத்தமே இல்லை. ஏன் இல்லை என்று பார்த்தால், வெயிட்டின் மேல் ஒரு சின்னக் கல் குழவியைக் கவிழ்த்து நிறுத்தியிருந்தாள்.

ஆவி போகிற வழியைக் கல் அடைத்திருக்கிறது. அடுத்த வழியைப் பித்தளை அடைத்திருக்கிறது. அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் அந்தப் பெண்.

உங்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் உள்ளே பாய்ந்திருப்பீர்கள்? எனக்கும் கால் எழுந்தது. ஆனால் நான் படி தாண்டினால் அவள் பதறி எழுந்து, மடி, மடி என்று என்னைத் தடுக்க வருவாள். தடுக்கிற இடம் அடுப்பின் பக்கம். நான் கத்தினால் என்னவென்று கேட்டுக் குக்கரைத் தொட்டுப் பார்ப்பாள். எப்போதும் பாடம் சொல்கிற அதே குரலில் சொன்னேன், மரியாதை மட்டும் போய்விட்டது.

"வேதா, கத்தியைக் கீழ வை. குக்கரைப் பார்க்காதே. எழுந்து என்கிட்ட வா."

என் குரலுக்குக் கை வேலை செய்து பழகிய பெண் அவள். ஏன் என்று கேட்காமல் வந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன்.

"எப்ப வெச்சே கல்லை?"

"இப்பத்தான், ஆவி வர ஆரம்பிச்சதும். அப்பா பாராயணத்துக்கு உட்கார்ந்தா தினமும் வைப்பேன், கொஞ்ச நேரத்துல எடுத்துடுவேன். ஒரு நாள் எடுக்க மறந்துட்டேன், அன்னிக்குத்தான் அது உருகித்து."

அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. கல்லை எடுத்தாக வேண்டும், ஆனால் அதன் கிட்டே யாரும் போகக் கூடாது. சுற்றுமுற்றும் பார்த்தேன். முற்றத்துச் சுவரில், மடித்துணியைக் கையால் தொடாமல் உயரக் கொடியில் போட வைத்திருக்கும் நீள மூங்கில் கோல் சாய்ந்திருந்தது.

"அந்தக் கோலை எடு. சுவருக்குப் பின்னாலேயே நின்னுக்கோ. கையை மட்டும் நீட்டி, கல்லைப் பக்கவாட்டுல தள்ளு. மெதுவா தள்ளினா போதும்."

முதல் தடவை கல் ஆடி நின்றது. கோலை நான் வாங்கிக்கொள்ளலாமா என்று மனம் துடித்தது. வாங்கவில்லை. எந்தக் கோணத்தில் இடிக்க வேண்டும் என்று அவள் பார்த்துவிட்டிருந்தாள். அடுத்த தடவை கல் உருண்டு தரையில் விழுந்தது. அதன் பிறகு வந்தது பாருங்கள் ஒரு விசில், ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நின்றால்கூட அப்படிக் கத்தாது. ஆவி உத்தரத்தை முட்டியது. அது அடங்கும்வரை நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். பிறகு அவள் விறகுகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள்.

பாராயணம் நின்றுவிட்டது. மாமனார் வந்து நின்றார். வாசலில் பாய், படியில் நான், கையில் கோலோடு மருமகள், தரையில் குழவி.

"என்ன இது?"

ஒன்றுமில்லை என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் குக்கர் தப்பும், ஆனால் நாளைக்கு அதே கல் அதே இடத்தில் ஏறும். உண்மையைச் சொன்னால் இவர் இன்றே குக்கரைத் தூக்கிப் பரணில் போடலாம், இந்தப் பெண்ணின் படிப்பு என் வாயாலேயே போகும். நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து குரல் வந்தது.

"சாமி, தப்பு நான் பண்ணினது. அடைக்கக் கூடாத இடத்தை அடைச்சுட்டேன். உங்க மருமக மேல கோபப்படாதீங்க."

தன் தொழிலில் பேர் வாங்கின மனுஷர், அடுத்த வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொன்னார். அதற்கு மேல் நான் மறைத்தால் எனக்கு வெட்கம். உருகியது, அடைத்தது, கல் வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியவர் குழவியைப் பார்த்தார். "அதை எதுக்கு மேல வெச்சே?"

"விசில் பாராயணத்துக்கு இடைஞ்சலா இருக்குன்னு சொன்னேளே."

"நான் சொன்னேனா? எப்போ?"

"வாங்கின புதுசுல. ஒரு நாள்."

அவருக்கு நினைவே இல்லை. போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை. அதற்காக அவள் தினமும் கல்லை ஏற்றி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறாள். பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அந்த உருகற சாமான் எது? காட்டு," என்றார் என்னிடம்.

புதுப் பிளக்கை மணையின் மேல் வைத்தேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு மெலிசா எதுக்குப் பண்ணியிருக்கான்?"

"வேணும்னே பண்ணினதுங்க. எது தப்பா நடந்தாலும் பாத்திரத்துக்கு முன்னாடி இது போயிடணும். சமைக்கிறவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு."

"யார் பண்ணினது?"

"தெரியலைங்க. எந்த ஊர்க்காரரோ."

அவர் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முகம் தெரியாத ஒருத்தன் எங்காத்துப் பொண்ணைப் பத்தி யோசிச்சிருக்கான்," என்றார்.

அடுப்பு ஆறினதும் காதர் பாய் வாசலில் உட்கார்ந்து தான் அடைத்த பிளக்கைத் தானே கழற்றினார். புதியதை நான் பொருத்தினேன். வேதவல்லி மூடியை அலம்பி உள்ளே கொண்டுபோனாள். அதற்குப் பிறகு ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் பாயின் குரலில் ஒரு வரி கூடிவிட்டது. ஈயம் பூசறது, பத்து வைக்கிறது என்று கூவிவிட்டு, குக்கர் மூடிக்கு மட்டும் பத்து வைக்கிறதில்லை, கடைக்குப் போங்க என்று சேர்த்துக்கொள்வார். நான் எழுதிக் கொடுத்த எந்த விளம்பரமும் அந்த அளவுக்கு எங்கள் கடைக்கு ஆட்களை அனுப்பவில்லை.

ஆகவே விலை பெறுமா என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். பளபளப்புக்கும் பெயருக்கும் விலை வைத்த சாமான்கள் நிறைய உண்டு, அவற்றை நானே வாங்க மாட்டேன். ஆனால் சிலவற்றைச் செய்தவர், நாம் பயத்தில், அவசரத்தில், யாரோ ஒருவர் மனம் கோணக் கூடாது என்ற எண்ணத்தில் என்னென்ன முட்டாள்தனம் செய்வோம் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்திருப்பார். அந்த யோசனை சாமானில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். அதை வாங்க வந்தவரிடம் காட்டுங்கள். காட்ட ஒன்றும் அகப்படவில்லையென்றால் மலிவானதையே எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள், முதலாளி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, கடைப் படிக்கட்டில் அந்தப் பெரியவர் நின்றார். ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது அவருக்கு அபூர்வம். வெயிலில் வந்ததில் முகம் கறுத்திருந்தது. மோர் வேண்டுமா என்று கேட்க முடியாது, உட்காரச் சொன்னேன், வேண்டாம் என்றார். மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் திக்கென்றது.

"பிளக் உருகிடுச்சுங்களா?"

"இல்லை, அது நன்னா இருக்கு. விசில் கத்தும்போது நான் பாராயணத்தை நிறுத்திக்கறேன், அது நிறுத்தினதும் நான் ஆரம்பிக்கறேன்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார், கூட நின்ற மற்ற வாடிக்கைக்காரர்கள் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி. "அந்தப் பிளக் இன்னொண்ணு கொடும்மா. எங்காத்துல இருக்கட்டும். வேதாவுக்குப் பரீட்சை வரது. அந்தச் சமயத்துல அது உருகினா, அவ கடைக்கு வந்துண்டு இருக்கக் கூடாது."